பக்கத்திலேயே சிப் ஆலை, ஆனாலும் கிராபிக்ஸ் கார்டு விலை ஏன் கையைச் சுடுகிறது? வாங்கும் முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜெலுத்தோங்கில் இருந்து துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலையில் தெற்கே போனால் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை. இன்டெல், ஏஎம்டி இரண்டுமே 1972-இல் பினாங்கிற்கு வந்த நிறுவனங்கள். உங்கள் குடும்பத்திலேயே யாராவது அங்கே ஷிஃப்ட் வேலை பார்த்திருக்கலாம்.

ஆனால் கேமிங் கணினி ஒன்று கட்டலாம் என்று கடைக்குப் போனால், பட்ஜெட்டில் பெரிய பங்கை கிராபிக்ஸ் கார்டே விழுங்கிவிடுகிறது. ஏன் இப்படி?

இங்கே செய்தும் ஏன் மலிவில்லை?

பினாங்கில் பெரும்பாலும் நடப்பது சிப் உற்பத்தியின் கடைசிக் கட்டம்: பொதியிடுதல், சோதித்தல். என்விடியா, ஏஎம்டியின் இப்போதைய கேமிங் சிப்களும் இன்டெலின் ஆர்க் பி580 சிப்பும் தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனத்தில் தயாராகின்றன. விலை டாலரில் நிர்ணயமாகிறது. அதனால் ஆலைக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்குத் தள்ளுபடி எதுவும் கிடையாது.

ஏஐ-க்கும் உங்கள் கார்டுக்கும் என்ன சம்பந்தம்?

உலகின் நினைவக சிப்களில் பெரும்பகுதியை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களே தயாரிக்கின்றன. ஏஐ தரவு மையங்களுக்கான நினைவகத்தில் லாபம் அதிகம் என்பதால், அவற்றின் கவனம் அந்தப் பக்கம் போய்விட்டது. பத்து காவானில் ஆலை வைத்திருக்கும் மைக்ரான், சாதாரண வாடிக்கையாளர்களுக்கான தன் 'குருசியல்' வணிகத்தையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ரேம் மட்டுமல்ல, கிராபிக்ஸ் கார்டில் இருக்கும் நினைவகமும் இதே நிறுவனங்களிடமிருந்துதான் வருகிறது.

8 ஜிபியா, 16 ஜிபியா?

பலர் ஏமாறுவது இங்கேதான். 2025 ஏப்ரலில் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகை. அமெரிக்காவில் அறிமுக விலை 379 டாலர், 429 டாலர். ஜூனில் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியும் அப்படித்தான்: 299, 349. இரண்டிலும் வித்தியாசம் 50 டாலர்தான்.

கேமுக்குத் தேவையான நினைவகம் கார்டில் போதவில்லை என்றால், தரவு கணினியின் ரேமுக்குப் போய்த் திரும்ப வேண்டும். அப்போதுதான் படம் திக்கித் திணறும். சிப் எவ்வளவு வேகமாக இருந்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. கார்டில் நினைவகத்தைப் பிறகு கூட்டவும் முடியாது.

வலோரண்ட், டோட்டா மாதிரி போட்டி விளையாட்டுகளை 1080பி திரையில் ஆடுபவருக்கு 8 ஜிபி போதும். புதிய பெரிய கேம்களை நான்கைந்து ஆண்டுகள் ஆட நினைத்தால் 16 ஜிபி பக்கம் போங்க. இரண்டுக்கும் நடுவில், 249 டாலருக்கு அறிமுகமான ஆர்க் பி580-இல் 12 ஜிபி உண்டு. ஆனால் உங்கள் மதர்போர்டு 'ரீசைசபிள் பார்' வசதியைத் தர வேண்டும். இல்லையென்றால் வேகம் அடிவாங்கும்.

வாங்க அனுமதி வேண்டுமா?

வேண்டாம். 2025 ஜூலை 14-இல் மலேசியா கொண்டுவந்த விதி, அமெரிக்காவின் உயர்திறன் ஏஐ சிப்களை இங்கிருந்து ஏற்றுமதி செய்வதற்கும் இந்த வழியாக வேறு நாட்டுக்கு அனுப்புவதற்கும்தான் அனுமதி கேட்கிறது. நீங்கள் வீட்டில் கேம் ஆட வாங்கும் கார்டை அது தொடாது.

இப்போ வாங்கலாமா, காத்திருக்கலாமா?

'கொஞ்சம் பொறுத்தால் விலை இறங்கும்' என்பது பழைய கணக்கு. புதிய நினைவக ஆலை ஒன்று எழும்ப ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆகவே தேவை உடனடி என்றால், தள்ளிப்போடுவதால் லாபம் கிடைக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். அதே சமயம், கையில் இருக்கும் கார்டு நீங்கள் ஆடும் கேமை ஓட்டுகிறது என்றால், 'நாளைக்கு ஏறிடும்' என்ற பயத்தில் கடன் வாங்கவும் வேண்டாம்.

பணம் கட்டும் முன்:

* பெட்டியில் ஜிபி எண்ணைப் பாருங்க. மாடல் பெயர் மட்டும் போதாது.
* பவர் சப்ளை தாங்குமா என்று பாருங்க. 5060 டிஐ-க்கு என்விடியா பரிந்துரைப்பது 600 வாட்.
* கேஸுக்குள் கார்டு நுழையுமா என்று அளந்து பாருங்க.
* மலேசிய உத்தரவாதமா என்று கேட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்க.

அந்த ரசீது முக்கியம். கடைக்காரர் பழுதான பொருளுக்குப் பொறுப்பேற்க மறுத்தால், மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பதிவு செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. தெரியாத நபரிடம் பழைய கார்டை ரொக்கத்துக்கு வாங்கினால், இந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. விலை குறைவு என்று அந்தப் பக்கம் போகும் முன் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்க.