கோபுரத்தின் காலடியில்

"கொம்பனித்தெரு இப்போதுதான் கொழும்பாகியிருக்கிறது" என்றார் நண்பர். நூல் வெளியீடு ஒன்று முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். பேரே வாவிக் கரையில் எழுந்து நிற்கும் 'சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ்' கட்டிடத்தைத்தான் அவர் புகழ்ந்தார். எண்ணூறு அறைகள், மாநாட்டு மண்டபங்கள், கடைத்தொகுதி, குடியிருப்புக் கோபுரங்கள். நூறு கோடி டொலரைத் தாண்டிய செலவு. வடிவமைத்தவர் இலங்கையில் பிறந்த சிசில் பால்மண்ட். பெருமைப்பட வேண்டாமா என்று கேட்டார்.

பக்கத்தில் நின்ற மௌலவி நண்பருக்கு வேறு கோபம். அங்கே சூதாட்டக் கூடம் இருக்கிறதே என்றார். நியாயமான கோபம்தான். 2014 இல் இத்திட்டத்துக்கான சலுகைகள் பாராளுமன்றத்துக்கு வந்தபோது சூதாட்டம் இல்லை என்றார்கள். 2024 இல் அனுமதிப்பத்திரம் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் கூடம் திறந்தது. அதுவும் எந்தத் தெருவில்? மலாய் சமூகத்தவரான நீதியரசர் அக்பரின் பெயரைத் தாங்கிய மாவத்தையில்.

எனக்கு இருவரோடும் சண்டை. ஒருவர் கோபுரத்தின் உச்சியைப் பார்க்கிறார், மற்றவர் சீட்டு மேசையைப் பார்க்கிறார். காலடியில் இருந்த மனிதர்களை இருவருமே காணவில்லை.

நான் அந்தத் தெருவில் வளர்ந்தவன். பொதுக்குழாயடியில் மலாயும் தமிழும் சிங்களமும் ஒரே வாளிக்குள் விழும். எங்கள் வாசலில் இருந்து பார்த்தால் எதிர்வீட்டு அடுப்பில் என்ன வேகிறதென்று தெரியும். அழுக்கு இருந்தது, மழைக்கு வெள்ளம் வந்தது, கஞ்சாவும் இருந்தது. ஏக்கக் கவிதை எழுத எனக்கு ஆசையில்லை. ஆனால் வேகந்த பள்ளிவாசலில் பாங்கு கேட்டு வளர்ந்த ஒரு சமூகம் அங்கு இருந்தது. டச்சுக்காரர் அடிமைகளை அடைத்து வைத்த இடம் என்பதால் வெள்ளைக்காரன் வைத்த 'ஸ்லேவ் ஐலண்ட்' என்ற பெயரைத் தாண்டி, கம்பனிப் படையில் இருந்த மலாய்க்காரரின் வாரிசுகள் கட்டிய வாழ்க்கை அது.

2010 மே 8 அன்று மியூஸ் வீதியில் இராணுவமும் பொலிஸும் நிற்க வீடுகள் இடிக்கப்பட்டன. அதே ஆண்டில்தான் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. இந்தக் கட்டிடம்தான் அந்த வீடுகளை இடித்தது என்று நான் சொல்லவில்லை. அது வேறு கணக்கு. ஆனால் நகரத்தை 'அழகாக்கும்' அதே பேச்சுத்தான் இரண்டுக்கும் முன்னே நடந்தது. வாவிக்கரைக் காணியின் விலை ஏற ஏற, அங்கிருந்தவன் 'ஆக்கிரமிப்பாளன்' ஆனான். உறுதி வைத்திருந்தவனும் கூடத்தான்.

தொடர்மாடியில் வீடு கொடுத்தார்களே என்று நண்பர் சொல்வார். கொடுத்தார்கள், சுமார் 400 சதுர அடி. என் சாச்சி மௌத்தானபோது எட்டாவது மாடியில் இருந்து சந்தூக்கை லிஃப்டுக்குள் நிமிர்த்த முடியவில்லை. நாலு பேர் படிக்கட்டில், திருப்பத்துக்குத் திருப்பம் சரித்துச் சரித்து இறக்கினோம். திட்ட வரைபடம் போட்டவர்களுக்கு ஏழைகள் சாவார்கள் என்பது தோன்றவில்லை போலும்.

இனி நம்மவர்களுக்கு. 1869 இலேயே கொழும்பில் 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையை பாபா யூனுஸ் சல்தீன் நடத்தினார். நூற்றைம்பது வருடங்களுக்குப் பிறகு நாம் கொம்பனித்தெருவை எத்தனை கதைகளில் எழுதியிருக்கிறோம்? வயலும் கடலும் களப்பும் நமது கதைகளில் நிறைய உண்டு, அவை தேவைதான். தலைநகரத்துக் குச்சொழுங்கை மட்டும் இலக்கியத்துக்கு ஆகாதா? சூதாட்டத்தைக் கண்டித்துப் பேச மேடை இருந்தது. மியூஸ் வீதிக்காகப் பேச யார் மேடை போட்டோம்?

'யார்' என்று கேட்கும் தகுதி எனக்கும் குறைவுதான். அந்த மே மாதம் நான் தெஹிவளையில் குடியிருந்தேன். செய்தி கேட்டு இரண்டு நாள் கழித்துப் போனேன். கற்குவியலுக்கு நடுவே ஒரு பெரியம்மா மீன்சட்டி தேடிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வாங்க மகன், எழுதப் போறீங்களா?" என்று கேட்டார்.

ஓம் என்றேன். அன்று எழுதவில்லை. அவர் இப்போது எந்த மாடியில் இருக்கிறாரோ.