எந்த விலாசத்தில் பதிவது?

இந்த வார எரிச்சலுக்குக் காரணம் ஒரு மேடைப் பேச்சு. ஹோல்புரூக்கில் நடந்த இளைஞர் கூட்டமொன்றுக்குக் கொழும்பிலிருந்து வந்திருந்த பேச்சாளர், "கலாநிதிப் பட்டம் எடுத்துவிட்டு விரிவுரையாளர் வேலைக்குக் காத்துக் கிடக்காதீர்கள். சொந்தத் தொழில் தொடங்குங்கள். ஸ்ரீதர் வேம்பு தொடங்கவில்லையா?" என்றார். நல்ல கைதட்டல்.

வேம்புவின் கதை நல்ல கதைதான். பிரின்ஸ்டனில் மின்பொறியியலில் கலாநிதிப் பட்டம். பேராசிரியராகப் போகாமல் குவால்காமில் வேலை. 1996இல் அட்வென்ட்நெட், அதுதான் இன்றைய சோஹோ மென்பொருள் நிறுவனம். வெளி முதலீட்டாளர்களிடம் கையேந்தாமல் வளர்த்தார். 2019இல் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறைக்கே குடிவந்துவிட்டார். பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளைப் பட்டம் கேட்காமல் சேர்த்து, உதவித்தொகையும் கொடுத்துப் பழக்குகிறது அவருடைய நிறுவனம். எனக்குப் பிடித்ததே அந்தப் பகுதிதான். பேச்சாளர் அதைத் தொடவேயில்லை. மத்தளம்பாறையில் காசு இருப்பவர் காணி வாங்கலாம் என்பதையும் அவர் சொல்லவில்லை.

எங்கள் அக்கரப்பத்தனைத் தோட்டங்களில்? காணி இருக்கட்டும், சொந்தமாக ஒரு விலாசமே இல்லை. தபால் புராணம் மறுபடியுமா என்று வழக்கமாக இந்தப் பத்தியைப் படிப்பவர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. ஆமாம், மறுபடியும்தான். எங்கள் கடிதங்கள் வீட்டுக்கு வருவதில்லை. தோட்டத்து ஆபீசுக்கு வருகின்றன. அங்கிருந்து, அந்தப் பக்கம் போகிறவர் யாரோ அவர் கையில் ஏறுகின்றன. அண்மையில் எனக்கு வந்த அழைப்பிதழ் ஒன்று, கூட்டம் முடிந்த பிறகு கொழுந்து மடுவத்தில் வைத்துக் கொடுக்கப்பட்டது. உறை மூலையில் தேத்தண்ணிக் கறை. கூட்டம் போனால் போகட்டும். வேலைக்கான நேர்முகக் கடிதமும் வங்கிக் கடிதமும் வருவது இதே வழியில்தான்.

பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி தேயிலை இரசாயனத்தில் ஆய்வு முடித்தவள். கையால் உருட்டிய தேயிலையைச் சின்னப் பொட்டலங்களில் விற்க ஆசைப்பட்டாள். வியாபாரப் பெயரைப் பதியப் போனால் கிராம உத்தியோகத்தரின் அறிக்கை வேண்டும், இடத்துக்கான உறுதியோ வாடகை ஒப்பந்தமோ வேண்டும். "மாமா, எந்த விலாசத்துல பதியிறது?" என்று என்னிடம் வந்து நின்றாள். லயத்துக் காம்பரா அவள் குடும்பத்துக்குச் சொந்தமில்லை, தோட்டத்துக்குச் சொந்தம். 1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. இத்தனை கை மாறியும், தலைமுறை தலைமுறையாக அங்கே குடியிருப்பவர்கள் கைக்கு மட்டும் எதுவும் வரவில்லை. 7 பேர்ச் காணியோடு வீடு என்று திட்டங்கள் வந்தன. சிலருக்குக் கிடைத்தது, பெருந்தொகையானோர் இன்னமும் லயத்தில்தான். உறுதி இல்லாதவன் எதை ஈடு வைத்து வங்கியில் கடன் கேட்பான்?

கடைசியில் ஹட்டனில் தெரிந்தவர் ஒருவரின் கடை விலாசத்தில் பதிந்தாள். தேயிலை எங்கள் மலையில் விளைந்தது, படிப்பும் இங்கே பிறந்த பிள்ளையுடையது. பொட்டலத்தில் மட்டும் ஹட்டன் என்று அச்சாகியிருக்கிறது.

ஆகவே, அடுத்து வரப்போகும் பேச்சாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். துணிச்சல் எங்கள் பிள்ளைகளிடம் தாராளமாக இருக்கிறது. அதைக் கொழும்பிலிருந்து சுமந்து வர வேண்டாம். லயத்துக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்ட விலாசமும் காணி உறுதியும் கிடைக்க, கேட்க வேண்டிய இடத்தில் கேளுங்கள். தொழில் தொடங்குவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.