மாண்டவர் மீளும் திரையும் மீளாத சாலையும்



திரைப்படத்தைப் பற்றித் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நம் மாணவர்கள் பாடநூலில் படித்ததை மறந்தாலும் படத்தில் பார்த்ததை மறப்பதில்லை. ஆகவே, எழுதத்தான் வேண்டும்.

கிள்ளானில் என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒருநாள் சாலைப் பாதுகாப்பைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னேன். பேச்சு எப்படியோ 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' படவரிசைக்குத் தாவிற்று. "அவ்வளவு வேகமாகப் போனால் உயிர் போய்விடாதா?" என்று கேட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன், "செத்தா என்னங்கையா, அடுத்த பாகத்துல வந்துருவாங்க" என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். வீடு திரும்பும் வழியில்தான் அந்தச் சிரிப்பு நெஞ்சை உறுத்தியது. அவன் சொன்னது வேடிக்கை அன்று. அப்படங்களைக் கூர்ந்து பார்த்தவன் கூறிய திறனாய்வு! எனவே, அவ்வரிசையில் 2023இல் வெளிவந்த பத்தாம் படமான 'ஃபாஸ்ட் எக்ஸ்' படத்தை என் மகனோடு அமர்ந்து முழுமையாகப் பார்த்தேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பல இனத்தவர் ஒரே மேசையில் அமர்ந்து உண்ணும் காட்சி இப்படங்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. வெள்ளைத்தோல் நாயகன் மட்டுமே உலகைக் காப்பான் என்னும் பழைய மரபை இவை உடைத்தன. நம் பிள்ளைகள் இப்படங்களை விரும்புவதற்கு வேகம் மட்டுமே காரணம் அன்று.

ஆனால், 2001இல் வந்த முதல் படத்தையும் பத்தாம் படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதல் படத்தில் ஜெஸ்ஸி என்னும் இளைஞன் தன் தந்தையின் காரைப் பந்தயப் பொருளாக வைத்துத் தோற்கிறான். காரைக் கொடுக்காமல் ஓடுகிறான். முடிவில் சுட்டுக் கொல்லப்படுகிறான். அவன் அதன்பின் எந்தப் பாகத்திலும் திரும்பி வரவில்லை. அந்தப் படத்தில் தவற்றுக்கு விலை இருந்தது.

பின்னர் நடந்தது என்ன? 2009இல் வந்த நான்காம் படத்தில் லெட்டி இறந்ததாகக் காட்டினர். 2013இல் அவர் உயிரோடு வந்தார். 2006இல் வந்த 'டோக்கியோ டிரிஃப்ட்' படத்தில் ஹானின் கார் மோதுண்டு வெடித்தது. 2021இல் ஒன்பதாம் படத்தில் அவரும் வந்துவிட்டார். 2013இல் விழுந்து மடிந்த கிசெல், பத்தாம் படத்தின் இறுதியில் அண்டார்டிகாவில் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து வெளிப்படுகிறார்! அதே படத்தில் நாயகன் பள்ளிச் சிறுவனான தன் மகனை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்திக் கார் ஓட்டப் பழக்குகிறார். பிறகு அவனையும் ஏற்றிக்கொண்டு அணைக்கட்டின் சுவரில் காரைச் செங்குத்தாக இறக்குகிறார். நமக்கு நெஞ்சு பதைக்கவில்லை. ஏன் பதைக்க வேண்டும்? யாருக்கும் எதுவும் ஆகாது என்பது நமக்குத் தெரியுமே! கலை என்ற அளவிலேயே இது தோல்வி. இறப்புக்குப் பொருள் இல்லாத கதையில் துணிவுக்கும் பொருள் இல்லை.

இப்படவரிசையால் மீட்க முடியாத ஒருவர் உண்டு. நடிகர் பால் வாக்கர் 2013 நவம்பர் 30ஆம் நாள், நண்பர் ஓட்டிய போர்ஷே காரில் பயணியாகச் சென்றபோது மாண்டார். மணிக்கு 72 கிலோமீட்டர் வரம்புள்ள சாலையில் அந்தக் கார் ஏறத்தாழ 130 முதல் 150 கிலோமீட்டர் வேகத்தில் சென்றதாக விசாரணை கூறியது. ஏழாம் படத்தின் எஞ்சிய காட்சிகளை அவருடைய தம்பியர் இருவரை வைத்தும் கணினியின் துணைகொண்டும் முடித்து 2015இல் வெளியிட்டனர். கதையில் அவர் ஏற்ற பாத்திரம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அவர் இல்லை. அந்தக் கதையைத்தான் நம் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டும்.

நம் இலக்கியத்திலும் தெருவில் விரைந்த ஒரு வண்டி உண்டு. மனுநீதிச் சோழனின் மகன் ஓட்டிய தேரில் சிக்கிக் கன்று மாண்டது; மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் கன்றும் மகனும் உயிர் பெறுவது உண்மைதான். ஆனால், அந்த அருள் கிடைக்குமுன் தந்தை முழு விலையையும் செலுத்திவிட்டான். விலை கொடுக்காமல் வரும் மீட்சியைத்தான் நான் குறை கூறுகிறேன்.

"இது வெறும் படந்தானே!" என்பார் சிலர். "தடை செய்ய வேண்டும்!" என்பார் வேறு சிலர். இரு சாராருக்கும் 2017 பிப்ரவரி 18ஐ நினைவூட்டுகிறேன். அன்று விடியற்காலையில் ஜொகூர் பாருவில் மிதிவண்டிகளில் திரண்டிருந்த பதின்ம வயதினர்மீது கார் மோதி எட்டுப் பேர் மாண்டனர். 'பாசிக்கால் லாஜாக்' எனப்படும் மாற்றியமைத்த மிதிவண்டிகள் அவை. அவர்கள் படம் பார்த்துத்தான் சாலைக்கு வந்தார்கள் என்று நான் கூறவில்லை. படங்களைத் தடை செய்திருந்தாலும் அவர்கள் வந்திருக்கக்கூடும். ஆனால், "எனக்கு ஒன்றும் ஆகாது" என்னும் எண்ணம் எங்கிருந்தோ பிள்ளைகளின் மனத்தில் குடியேறுகிறது. அதற்குத் திரை தண்ணீர் ஊற்றுகிறது, நாமும் ஊற்றுகிறோம்.

நாமுமா? ஆம். இந்நாட்டில் மோட்டார் சைக்கிள் உரிமத்துக்குக் குறைந்தது 16 வயது ஆக வேண்டும். நம் தாமான்களில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் 'கப்சாய்' சாவியைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பும் தந்தையர் இல்லையா? தலைக்கவசம் இல்லாத பிள்ளையை முன்னே நிறுத்திக்கொண்டு பள்ளி வாசலில் வந்து இறங்குவோர் இல்லையா? 2016இல் மட்டும் மலேசியச் சாலைகளில் 7,152 பேர் மாண்டனர். ஆண்டுதோறும் இவ்வாறு மடிவோரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஹாலிவுட்டைத் திட்டுவதற்கு முன்பு நம் வீட்டுச் சாவி எங்கே தொங்குகிறது என்று பார்ப்போம்.

வேகம் பாவம் அன்று. அதற்கென்று 1999இலேயே செப்பாங்கில் ஓடுதளம் கட்டிவிட்டோம். கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையிலுள்ள கூட்டரசு நெடுஞ்சாலை ஓடுதளம் அன்று. பிரிக்பீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலையும் அன்று. அங்கே நடப்பவர் நம் தாயாகவும் இருக்கலாம்.

ஆகவே, படத்தைத் தடுக்காதீர்கள். பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் மூன்று வினாக்கள் கேளுங்கள். இதில் அடிபட்ட வழிப்போக்கர்கள் என்ன ஆனார்கள்? இறந்தவர் திரும்பி வந்தது எப்படி? நம் தெருவில் இது நடந்தால் யார் திரும்பி வருவார்?

நான் என் மகனிடம் கேட்டேன். முதல் இரண்டு வினாக்களுக்கும் சிரித்துக்கொண்டே விடை சொன்னான். மூன்றாவதற்கு அவன் சிரிக்கவில்லை. மறுநாள் அதே வினாவை வகுப்பிலும் கேட்டேன். கடைசி வரிசை மாணவன் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "யாரும் வரமாட்டாங்கையா" என்றான்.

அந்த விடையை நம் பிள்ளைகள் வகுப்பறையில் கற்கட்டும். சாலையில் கற்க வேண்டாம். சிந்திப்போம்!