கடைசி ஏழு நாள்கள்

தேர்வு நெருங்கிவிட்டால் ஷா ஆலம் அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் நள்ளிரவு கடந்தும் விளக்கு அணைவதில்லை. புலனக் குழுக்களில் ‘எதிர்பார்க்கப்படும் கேள்விகள்’ பறக்கின்றன. அதுவரை திறக்கப்படாத பயிற்சி நூல்கள் மேசைக்கு வருகின்றன. கடைசி வாரத்தில் எவ்வளவு நேரம் விழித்திருந்து படிக்கிறார்களோ, அவ்வளவு புள்ளி கூடும் என்னும் நம்பிக்கை மாணவர்களிடமும் பெற்றோரிடமும் வேரூன்றியுள்ளது. இந்த நம்பிக்கை சரியானதுதானா? ஒப்டோமெட்ரி பயில விரும்பும் மாணவர்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்ந்து பார்க்கலாம்.

ஒப்டோமெட்ரி என்பது பார்வையை அளந்து கண்ணைப் பரிசோதிக்கும் துறை. இத்துறை வல்லுநர் மூக்குக்கண்ணாடியின் அளவை மட்டும் கணிப்பவர் அல்லர். கண் அழுத்த நோய், நீரிழிவால் விழித்திரைக்கு ஏற்படும் பாதிப்பு போன்றவற்றின் அறிகுறி தென்பட்டால், நோயாளியை உரிய காலத்தில் கண் மருத்துவரிடம் அனுப்பி வைப்பவரும் அவரே. நம் நாட்டில் இத்தொழிலை 1991ஆம் ஆண்டின் ஒப்டிகல் சட்டம் நெறிப்படுத்துகிறது. பட்டம் பெற்றவர் மலேசிய ஒப்டிகல் மன்றத்தில் பதிவு பெற்ற பிறகே தொழில் செய்ய இயலும். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் இத்துறையில் முன்னோடியாகும். ஷா ஆலமிலேயே அமைந்துள்ள எம்.எஸ்.யு. பல்கலைக்கழகத்திலும் இப்படிப்பு உண்டு.

அமெரிக்காவில் ஒப்டோமெட்ரி கல்லூரியில் சேர விரும்புவோருக்கெனத் தனி நுழைவுத் தேர்வு நடத்தப்படுகிறது. உயிரியல், வேதியியல், இயற்பியல் ஆகியவற்றுடன் கணிதத் திறனும் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனும் அதில் சோதிக்கப்படுகின்றன. மலேசியாவில் அத்தகைய தனித் தேர்வு இல்லை. எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் போன்ற தேர்வுகளின் முடிவே இங்கு நுழைவாயில். அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கும் வழங்கப்படுகின்றன. ஆகவே, ஆறாம் படிவ மாணவர் ஒருவர் எழுதும் வேதியியல் தாளோ உயிரியல் தாளோ அவருடைய நுழைவுத் தேர்வாகவே அமைந்துவிடுகிறது. இடங்கள் குறைவு, விண்ணப்பிப்போர் பலர். கடைசி வாரத்தில் பதற்றம் கூடுவதில் வியப்பில்லை.

பதற்றம் கூடும்போது மாணவர் பெரும்பாலும் செய்வது ஒன்றே. குறிப்பேட்டை மீண்டும் மீண்டும் வாசிக்கிறார். ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் வரிகள் பழக்கப்பட்டவையாகத் தோன்றுகின்றன. ‘எல்லாம் தெரிகிறது’ என்ற நிறைவும் ஏற்படுகிறது. ஆனால், ஒன்றைப் பார்த்ததும் அடையாளம் காண்பது வேறு. பார்க்காமல் நினைவிலிருந்து எடுத்து எழுதுவது வேறு. தேர்வு மண்டபத்தில் தேவைப்படுவது இரண்டாவது திறனே.

இந்த வேறுபாட்டை 2006ஆம் ஆண்டில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் சோதித்து வெளியிட்டனர். மாணவர்களுக்கு ஓர் உரைநடைப் பகுதி கொடுக்கப்பட்டது. ஒரு குழுவினர் அதனை நான்கு சுற்றுகளிலும் வாசித்தனர். மற்றொரு குழுவினர் முதல் சுற்றில் மட்டும் வாசித்து, அடுத்த மூன்று சுற்றுகளிலும் நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, வாசித்த குழுவினர் ஏறத்தாழ 83 விழுக்காட்டையும், எழுதிப் பார்த்த குழுவினர் 71 விழுக்காட்டையும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. வாசித்தவர்களிடம் 40 விழுக்காடே எஞ்சியிருந்தது. எழுதிப் பார்த்தவர்களிடம் 61 விழுக்காடு நிலைத்திருந்தது. தங்களுக்குப் பாடம் நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்களோ திரும்பத் திரும்ப வாசித்தவர்களே.

‘விடிய விடியப் படித்துத்தான் தேர்ச்சி பெற்றேன்’ என்று கூறுவோரும் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யன்று. ஐந்து நிமிடத்தில் நடந்த சோதனையில் வாசித்தவர்களே முன்னணியில் இருந்தனர் என்பதை மறுக்க முடியாது. மறுநாள் காலையில் ஒரே ஒரு தாள் மட்டுமே இருந்தால், இரவில் வாசித்தது ஓரளவு கைகொடுக்கலாம். ஆனால், எஸ்.டி.பி.எம். தாள்கள் ஒரே நாளில் முடிந்துவிடுவதில்லை. முதல் தாளுக்காகத் தூக்கத்தை இழந்தவர், அடுத்தடுத்த தாள்களுக்குக் களைப்போடு செல்கிறார். மேலும், ஒளிவிலகலும் நரம்பு மண்டலமும் தேர்வோடு மறக்கத்தக்க பாடங்கள் அல்ல. ஒப்டோமெட்ரியின் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பில் அவை மீண்டும் வரும். அதன்பின் நோயாளியின் முன்னும் வரும்.

அப்படியானால் கடைசி ஏழு நாள்களில் என்னதான் செய்வது? முதல் மூன்று நாள்களைக் கடந்த ஆண்டுத் தாள்களுக்கு ஒதுக்கலாம். நேரத்தைக் குறித்துக்கொண்டு, நூலைப் பார்க்காமல் விடை எழுதித் திருத்த வேண்டும். அடுத்த இரண்டு நாள்களைத் திருத்தும்போது தெரியவந்த ஓட்டைகளை அடைக்கப் பயன்படுத்தலாம். வெற்றுத்தாளில் கண்ணின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை வரைந்து, கருவிழிப்படலம், கண்வில்லை, விழித்திரை ஆகியவற்றைக் குறித்து, கிட்டப்பார்வையில் ஒளிக்கதிர்கள் எங்கே குவிகின்றன என்று விளக்கிப் பார்ப்பது, பத்துப் பக்கக் குறிப்பை வாசிப்பதைவிடப் பயன் தரும். விளக்கம் எந்த இடத்தில் தடைப்படுகிறதோ, அந்த இடத்தை மட்டும் நூலில் பார்த்தால் போதும். இறுதி இரண்டு நாள்களில் புதிய பாடம் எதையும் தொடாமல், சூத்திரங்களையும் படங்களையும் சுருக்கமாக நினைவுகூர்வது நல்லது.

கண்ணைப் பற்றிப் படிப்பவர் தம் கண்ணையும் மறக்கக் கூடாது. நூலை 25 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து வாசிக்கும்போது, கண்வில்லை கூடுதலாக 4 டயாப்டர் ஆற்றலைத் தர வேண்டியுள்ளது. 1ஐ 0.25 மீட்டரால் வகுத்தால் இந்த அளவு கிடைக்கும். ஆறு மீட்டருக்கு அப்பால் உள்ள பொருளைப் பார்க்கும்போது இத்தேவை ஏறத்தாழ 0.17 டயாப்டராகக் குறைந்துவிடுகிறது. அதாவது, அருகில் வாசிக்கும் நேரமெல்லாம் வில்லையை இயக்கும் தசை ஓயாமல் உழைக்கிறது. தொலைவில் பார்க்கும்போதுதான் அது தளர்கிறது. திரையை உற்றுப் பார்க்கும்போது இமைப்பதும் குறைந்து, கண் உலர்ந்து எரிகிறது. எனவேதான் 20 நிமிடத்திற்கு ஒரு முறை, ஏறத்தாழ ஆறு மீட்டருக்கு அப்பால், 20 விநாடிக்குப் பார்வையைச் செலுத்துமாறு கண் பராமரிப்பாளர்கள் அறிவுறுத்துகின்றனர். ஷா ஆலம் மாணவருக்கு இது கடினமான செயலன்று. சன்னல் வழியே தெரியும் மரமோ, சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் பள்ளிவாசலின் நீலக் கூரையோ போதும். மாலையில் ஏரிப் பூங்காவைச் சுற்றி அரைமணி நேரம் நடந்தால் கண்ணோடு மனமும் இளைப்பாறும். தலைவலியும் எரிச்சலும் வந்த பிறகு சொட்டு மருந்தைத் தேடுவது, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதற்கு ஒப்பாகும்.

தூக்கத்தை வீணான நேரமாகக் கருதும் வழக்கமும் மாற வேண்டும். பகலில் கற்றவை மூளையில் உறுதிப்படும் நேரம் அது. 13 முதல் 18 வயது வரையிலான இளையோர் நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரம் உறங்க வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. தூக்கத்தை விரட்ட இரவில் குடிக்கும் காப்பியும் நன்மை செய்வதில்லை. அதிலுள்ள காஃபீனில் பாதியளவு உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும். இரவு பத்து மணிக்குக் குடித்த காப்பி, அதிகாலை மூன்று மணிக்கும் உடலில் வேலை செய்துகொண்டிருக்கும்.

இந்த நாள்களில் பெற்றோரின் பங்கும் பெரிது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தேர்ச்சியைப் பற்றிப் பேசுவதாலோ, ‘இது போனால் எல்லாம் போச்சு’ என்று எச்சரிப்பதாலோ ஒரு சூத்திரம்கூட நினைவுக்கு வரப்போவதில்லை. மாறாக, அடையாள அட்டை, எழுதுகோல், கணிப்பான், தேர்வு அட்டவணை ஆகியவற்றை முதல் நாளே எடுத்து வைக்க உதவலாம். காலை நேரத்தில் கூட்டரசு நெடுஞ்சாலையின் நெரிசல் எப்படியிருக்கும் என்பது ஷா ஆலம் மக்கள் அறிந்ததே. அரைமணி நேரம் முன்னதாகப் புறப்படும் ஏற்பாட்டைப் பெற்றோர் பார்த்துக்கொண்டால், மாணவர் அமைதியான மனத்துடன் மண்டபத்திற்குள் நுழைவார்.

கடைசி வாரத்தை அமைதியாகக் கழிக்கும் அறிவுரை, ஆண்டு முழுவதும் படிக்காமல் இருந்தவருக்குப் பயன்படாது என்பது உண்மையே. விதைக்காதவர் அறுவடைக் காலத்தில் எவ்வளவு ஓடினாலும் நெல் கிடைக்காது. ஆனால், விதைத்தவர்கூட அறுவடையின்போது பதறி வயலை மிதித்துப் பயிரைப் பாழாக்கிவிடுவதுண்டு. பல மாத உழைப்பைச் சில இரவுகளின் பதற்றத்துக்குப் பலியிடும் மாணவரின் நிலையும் அதுவே.

உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு உள்ளது எனவும், அவர்களில் குறைந்தது 100 கோடிப் பேரின் குறைபாடு தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது எனவும் உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அறிவித்தது. அவர்களுக்கு உதவப் பயிற்சி பெற்ற கைகள் பல தேவை. அந்தக் கைகள் நடுக்கமின்றி இருக்க வேண்டும். அந்தக் கண்கள் தெளிவாக இருக்க வேண்டும். பதற்றத்தை அடக்கி, கற்றதை ஒழுங்குபடுத்தி, உரிய நேரத்தில் ஓய்வெடுக்கும் பழக்கத்தை இன்றே வளர்த்துக்கொள்பவர், தேர்வுக்கு மட்டுமன்றித் தொழிலுக்கும் தம்மை ஆயத்தப்படுத்துகிறார். ஆகவே, கடைசி ஏழு நாள்களில் ஒவ்வோர் இரவும் குறித்த நேரத்தில் நூலை மூடிவைப்பதும் படிப்பின் ஒரு பகுதியே.