பேருந்துப் படியும் பெரியவர்களும்

பேருந்து விபத்து என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது மோதி நொறுங்கிய வாகனமே. ஆனால், முதியவர்கள் பேருந்தில் காயமுறுவது பெரும்பாலும் எதுவும் மோதாத வேளையில்தான். வண்டி புறப்படும்போது ஏற்படும் குலுக்கல், திடீரென்று அழுத்தப்படும் பிரேக், தரைக்கும் முதற்படிக்கும் இடையிலுள்ள உயரம் ஆகியவைதாம் அவர்களைக் கீழே தள்ளுகின்றன. இளைஞர் தடுமாறினால் சிரித்துக்கொண்டே நிமிர்ந்துவிடுவார். 70 வயதில், எலும்பின் உறுதி குன்றிய நிலையில், அதே தடுமாற்றம் இடுப்பெலும்பு முறிவில் கொண்டுபோய் விடக்கூடும். அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் பலருக்குப் பழைய நடை திரும்புவதில்லை.

2021 மே மாதம் முதல் தமிழக அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கின்றனர். சென்னை மாநகரப் பேருந்துகளில் 60 வயது நிறைந்தோருக்கு மாதம் 10 பயண டோக்கன்கள் 2016 முதல் வழங்கப்படுகின்றன. மகள் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் எவர் துணையையும் எதிர்பாராமல் போய்வரும் உம்மாமார்களை இன்று எங்கும் காண்கிறோம். மகிழ்ச்சியே! ஆனால், கட்டணம் குறைந்த வேகத்தில் படியின் உயரம் குறையவில்லையே! சென்னையில் 2024 ஆகஸ்டில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அவற்றின் தளம் ஏறத்தாழ 400 மில்லிமீட்டர் உயரந்தான். அந்தத் தடத்தில் அத்தகைய வண்டி வருமாயின், சற்றுக் காத்திருந்து அதில் ஏறுவது வீணன்று. மற்ற ஊர்களில் பெரும்பாலும் உயரப் படிகளோடுதான் மல்லுக்கு நிற்க வேண்டியுள்ளது.

ஏறும்போது வலுவுள்ள காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது நோவுள்ள காலை முதலில் இறக்குங்கள். மூட்டு வலியுள்ளோர்க்கு இது பெரிதும் உதவும். இரண்டு கைகளிலும் பை கூடாது. தோளில் குறுக்காக மாட்டிய ஒரே பை போதும். கைகள் கம்பிக்கு உரியவை. புர்கா அணியும் சகோதரிகள் படியில் கால் வைக்குமுன் கீழ் விளிம்பை ஒரு கையால் சற்று உயர்த்திக் கொள்வது நல்லது. பின்னால் வருபவர் அதை மிதித்துவிடும் அபாயமும் உண்டன்றோ?

நடத்துநரின் இரட்டை விசில் கேட்டால் வண்டி நகரப் போகிறது என்று பொருள். அவ்வேளையில் நடக்காதீர்கள், இருந்த இடத்திலேயே கம்பியைப் பற்றி நில்லுங்கள். தலைக்கு மேலுள்ள கம்பியைவிடச் செங்குத்துக் கம்பியே மேல். ஒரு கால் முன்னும் மறு கால் பின்னுமாக நின்றால் குலுக்கல் தாங்கும். பின் சக்கரத்துக்கு அப்பாலுள்ள கடைசி வரிசை வேகத்தடையில் தூக்கிப் போடும். அது காலியாகக் கிடந்தாலும் வேண்டாம். இறங்கும் நிறுத்தம் நெருங்குகிறதென்று ஓடும் வண்டியில் எழுந்து வாசலுக்கு விரைவதுதான் மிகவும் ஆபத்தானது. முன்கூட்டியே நடத்துநரிடம் சொல்லிவிட்டு, வண்டி நின்றபின் எழுங்கள்.

இதற்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் கூச்சமே. "உட்கார்ந்துக்கிறேன் தம்பி, அப்புறம் விசில் கொடுங்க" என்று கேட்பதில் இழுக்கு ஒன்றுமில்லை. முகம் சுளிக்கும் பயணிகள் சுளிக்கட்டும்.

வழியில் கழிப்பிடம் இராதே என்றஞ்சி, பயண நாளில் தண்ணீரே அருந்தாத பெண்கள் பலர். இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்பவர்கள் இப்படிச் செய்தால், இருக்கையை விட்டு எழுந்த கணத்தில் கண் இருண்டு வரலாம். சிறிது சிறிதாகவேனும் நீர் அருந்த வேண்டும். எழுந்ததும் கம்பியைப் பற்றி ஒரு கணம் நின்று, பிறகே அடியெடுத்து வைக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு சொல். வாப்பா ஒருமுறை தடுமாறினார் என்பதற்காக, "இனி எங்கும் போக வேண்டாம்" என்று வீட்டிலேயே இருத்திவிடாதீர்கள். நடமாட்டம் குறையக் குறையக் கால் தசைகள் மேலும் தளரும். காலை நெரிசல் அடங்கிய பிறகு புறப்படச் செய்யுங்கள். முதல் இரண்டு மூன்று பயணங்களில் உடன் சென்று, எந்த நிறுத்தத்தில் நடைமேடை உயரமாயுள்ளது, எந்த வாசலில் கைப்பிடி உறுதியானது என்பதைக் காட்டிக் கொடுங்கள்.