லாசா நாய்க்கு ஆரணியில் ஏசி பில் யார் கட்டுவது?

இன்னிக்கு மியூச்சுவல் ஃபண்ட் இல்லை, நாய்.

என் சித்தி பையன் சென்னையில ஐடி வேலை. சம்பளம் 45,000. வீட்டிலிருந்து வேலை பார்த்த சமயத்தில் 28,000 ரூபாய்க்கு ஒரு ஷீ சூ குட்டி வாங்கினான், கிரெடிட் கார்டு இஎம்ஐ-ல். ஆபீஸுக்கு வரச் சொன்னதும் குட்டி ஆரணிக்குப் போனது. சித்தி வீட்டில் இன்னும் பட்டுத் தறி ஓடுது. கத்திரி வெயிலில் நாய் மயங்கி விழுந்தது. மருத்துவச் செலவு 18,000. சித்தி கம்மலை அடகு வைத்துக் கட்டினார். "அவன்கிட்ட சொல்லாதடா, மாசக் கடைசி" என்றார் என்னிடம். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த வார்த்தைதான்.

தப்பு நாயுடையது இல்லை. லாசா அப்சோ, ஷீ சூ, திபெத்திய மஸ்டிஃப் எல்லாம் திபெத்தை வேராகக் கொண்ட இனங்கள். லாசா நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,650 மீட்டர் உயரம். மஸ்டிஃப் மந்தைக்கும் கூடாரத்துக்கும் வெளிக்காவல். லாசா அப்சோ மடத்துக்கும் வீட்டுக்கும் உள்காவல். புது ஆள் வந்தால் குரைத்துச் சொல்லும். அந்த அடர்ந்த முடி குளிருக்காக வளர்ந்தது. ஷீ சூவை சீன அரண்மனையில் வளர்த்தெடுத்தார்கள். அதற்கு மூக்கும் குட்டை. நாய் மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைக் குறைக்கும். குட்டை மூக்கில் அது சரியா நடக்காது. நம்ம ஊர் மே மாதத்துக்கு அது செய்த உடம்பே இல்லை.

இப்போ கணக்கு. இது என் தோராயம், உங்க ஊருக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க. மாதம் சாப்பாடு 2,500, முடி பராமரிப்பு 1,000, தடுப்பூசி மருத்துவம் சராசரி 1,000, கூடுதல் மின்சாரம் 1,500. மொத்தம் 6,000. வருஷத்துக்கு 72,000. 12 வருஷம் வாழ்ந்தால் 8,64,000. விலைவாசி உயர்வைச் சேர்க்கவே இல்லை. குட்டியின் விலை இதில் சுமார் 3 சதவீதம்தான். நாம பேரம் பேசுறது அந்த 3 சதவீதத்துக்கு.

"குட்டி போட்டு வித்தா காசு எடுத்துடலாம்" என்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 2011-ல் சீனாவில் ஒரு சிவப்பு திபெத்திய மஸ்டிஃப் 1 கோடி யுவானுக்கு விலை போனதாகச் செய்தி வந்தது. சில வருஷத்திலேயே மோகம் வடிந்து விலை சரிந்தது, வாங்க ஆளில்லாத நாய்கள் கைவிடப்பட்டன. கிரிப்டோ கதை மாதிரியே இருக்கா? வித்தியாசம், இங்கே நஷ்டத்துக்குப் பசிக்கும். அதோட, நாய் வளர்த்து விற்க 2017 விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யணும். வரும் லாபத்தை வருமான வரிக் கணக்கிலும் காட்டணும்.

அப்போ நாயே வேண்டாமா? அப்படிச் சொல்லல. நாய் முதலீடு இல்லை, பொறுப்பு. எஸ்ஐபி-யோட ஒப்பிடுறது அபத்தம். என் யோசனை ஒண்ணுதான்: வாங்கும் முன் ஆறு மாதம், மாதம் 6,000 ஆர்.டி.-யில் போடுங்க. மூச்சு முட்டாமல் போட முடிந்தால் உங்களால் வளர்க்க முடியும், கையில் 36,000 அவசர நிதியும் இருக்கும். முடியலன்னா, குட்டி வரும் முன்னாடியே பதில் தெரிஞ்சிடுச்சு.

இனம்? ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி எல்லாம் நம்ம வெயிலில் உருவானவை. ஆனால் ஓட இடம் வேணும். 2 பிஎச்கே-யில் அடைத்தால் அதுவும் பாவம்தான். இடம் இல்லாதவங்க ஒரு தெருநாய்க் குட்டியை எடுத்து, தடுப்பூசி போட்டு வளருங்க. இஎம்ஐ கிடையாது.

அந்த ஷீ சூ இப்போ நல்லா இருக்கு. வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் தறிக்குழிதான். மத்தியானம் அங்கே தூங்குது. நூல் துண்டை விழுங்கினால் குடலில் சிக்கும் என்று மருத்துவர் சொன்னதால், சித்தி தினமும் முதலில் குழியைப் பெருக்குறார். கம்மல் விஷயத்தை நான் தம்பிகிட்ட சொல்லிட்டேன். போன மாதம் மீட்டுக் கொடுத்தான்.

உங்க வீட்டில் அந்த பில்லை யார் கட்டுறாங்கன்னு இன்னிக்கே ஒரு போன் பண்ணிக் கேளுங்க.