சாக மறுக்கும் உயிரணுக்கள்

நம் உடலில் பழுதுற்ற உயிரணுக்கள் தாமாகவே மடிந்து, புதியவற்றுக்கு இடம் விடுகின்றன. மடிய மறுப்பவையும் உண்டு. 1988-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் டேவிட் வாக்ஸ், சூசன் கோரி, ஜெரி ஆடம்ஸ் ஆகிய மூவரும் இதற்கொரு காரணம் கண்டனர். பி.சி.எல்-2 என்னும் புரதம் மிகுந்தால் உயிரணு விரைந்து பெருகுவதில்லை; சாகாது நிலைத்துவிடுகிறது! புற்றுநோயென்றால் கட்டுக்கடங்காப் பெருக்கமே என்று எண்ணியிருந்தோருக்கு இது வியப்பாயிருந்தது.

இப்புரதத்தில் ஒரு பள்ளம் உண்டு. சாவைத் தூண்டும் புரதங்களை அது அங்கே பிடித்து வைத்துக்கொள்கிறது. அப்பள்ளத்தில் மருந்து அமர்ந்துகொண்டால் அவை விடுபடும். சொல்வதற்கு எளிது, செய்து முடிக்க ஏறத்தாழ முப்பதாண்டுகள் ஆயின. முன்னர் வந்த நாவிட்டோகிளாக்ஸ் என்னும் மருந்து, இரத்தத் தட்டணுக்களை வாழவைக்கும் உடன்பிறப்புப் புரதத்தையும் சேர்த்தே தடுத்தது, தட்டணுக்கள் குறைந்தன. ஆகவே பி.சி.எல்-2 ஒன்றையே குறிவைக்கும் வெனிட்டோகிளாக்ஸ் உருவாக்கப்பட்டது. நாட்பட்ட நிணவணு இரத்தப் புற்றுநோயாளருள் ஒரு பிரிவினருக்கு 2016-இல் அமெரிக்கா அதனை அனுமதித்தது.

அதன் ஆற்றலே ஆபத்தாகவும் ஆயிற்று. நோயணுக்கள் கூட்டமாக மடிந்து, உள்ளிருந்தவை இரத்தத்தில் கொட்டிச் சிறுநீரகத்தைத் தாக்கின. தொடக்க ஆய்வுகளில் உயிரிழப்பும் நேர்ந்தது. ஆதலால் இந்நோய்க்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராமில் தொடங்கி, ஐந்து வாரங்களில் படிப்படியாக 400 மில்லிகிராம் வரை உயர்த்துகின்றனர். அந்நாட்களில் நோயாளி நிறையத் தண்ணீர் பருகவேண்டும். இரத்தப் பரிசோதனையைத் தவறவிடலாகாது.